ரங்கூன் நடையைக் காளி கோயிலில் தொடங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்ததற்கு நன்றி, நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

இப்போது யாங்கோன் என்று சொல்கிற ரங்கூனின் நடுநகரத்தை வழிகாட்டியோடு நடந்து பார்க்கிற பழக்கம், 2012இல் யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை தொடங்கியதற்கு அப்புறம் நன்றாகப் பரவியது. பழைய கட்டடங்களுக்கு நீலப் பலகை மாட்டினார்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பார்த்த பல நடைகள் பன்சோடான் தெருவையும் ஆற்றங்கரைச் சாலையையும் சுற்றிவிட்டு, ஸ்ட்ராண்ட் ஓட்டல் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு முடிந்துவிடுகின்றன. சூலே பகோடாவுக்கு மேற்கே, நம் ஆட்கள் பிழைத்த தெருக்களுக்கு வருவதே இல்லை. அது எனக்கு மனசு ஆறவில்லை.

1852இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் சூலே பகோடாவை நடுவில் வைத்துக் கட்டம் போட்ட நோட்டு மாதிரி தெருக்களைப் பிரித்தார்கள். 1931 கணக்கெடுப்பில் நாலு லட்சம் பேர் இருந்த இந்த ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியதில் தெலுங்கர்களும் தமிழர்களும் உண்டு, வட்டித் தொழிலில் செட்டியார்கள், கடைகளில் தமிழ் முஸ்லிம்கள். இதைச் சொல்லாமல் இரண்டாம் உலகப் போர் பற்றிச் சொன்னால் ஒன்றும் விளங்காது.

1941 டிசம்பர் 23. ஜப்பானிய விமானங்கள் பகல் வெளிச்சத்தில் வந்தன. அதற்கு முன்னால் குண்டுவீச்சே பார்த்திராத ஜனங்கள், ஓடி ஒளியாமல், மேலே நடக்கிற விமானச் சண்டையைப் பார்க்கத் தெருவில் வந்து நின்றார்கள், குண்டுகள் அவர்கள் நடுவிலேயே விழுந்தன. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தார்கள். துறைமுக வேலைக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், ப்ரோம் சாலை வழியாக நடந்து, மலை தாண்டி மேற்குக் கரையோர அரக்கானுக்கும், பிற்பாடு எல்லையூரான தமு வழியாக மணிப்பூருக்கும், லட்சக்கணக்கில், பசியிலும் காலராவிலும் வழியிலேயே பலரை விட்டுவிட்டு. 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் உள்ளே நுழைந்தார்கள். இதைச் சொல்கிற வழிகாட்டி, பெரிய கட்டடத்தை மட்டும் அண்ணாந்து காட்டாமல் நாம் நிற்கிற தெருவையும் காட்ட வேண்டும் என்று நான் கேட்கிறேன். செத்தவர்கள் தெருவில்தான் செத்தார்கள்.

இந்த நடுநகரத்தைப் போரில் தப்பிய பகுதி என்று சொல்கிறோம், எல்லாம் தப்பவில்லை. பழைய ரயில் நிலையம் போரில் அழிந்துபோனது, இப்போது நிற்கிற பர்மியப் பாணிக் கட்டடம் 1954இல் வந்தது. கிழக்கே படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற போட்டடவுங் பகோடாவை அழித்தது ஜப்பானியர் குண்டு இல்லை, 1943 நவம்பரில் நேசநாட்டு விமானங்கள் போட்டது. இடிபாட்டை அகற்றும்போது உள்ளே புதைந்திருந்த அறை தெரிந்தது, புனிதச் சின்னங்கள் கிடைத்தன. திரும்பக் கட்டியபோது அடைத்துவிடாமல் உள்ளே கூடாகவே விட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பகோடாவுக்குள்ளேயே நடக்க முடிகிறது. குறுகலான பாதை, இரண்டு பக்கமும் தங்கத் தகடு, திரும்புகிற இடமெல்லாம் கண்ணாடிப் பெட்டிகள். குண்டு விழாமல் இருந்திருந்தால் இந்தப் பாதையே இருந்திருக்காது.

ஆங்கிலேயர் காலத்து அரசுத் தலைமையகமான செக்ரடேரியட்டுக்கும் கட்டாயம் போங்கள். 1947 ஜூலை 19இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானையும் அவருடைய அமைச்சர்களையும் அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருவர் அப்துல் ரசாக், மாந்தலேயில் தலைமையாசிரியராக இருந்தவர், இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். அவர் பெயரை வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

சரி, மேற்கே வருவோம். கோன்செய்டான் தெரு முனையில் ஸ்ரீ காளி கோயில், 1871இல் தமிழர்கள் கட்டியது. பக்கத்திலேயே தெய்ஞ்ஜி சந்தை, மஞ்சளும் மிளகாயும் மூக்கைத் துளைக்கும். கொஞ்சம் தள்ளி 26ஆம் தெருவில் 1896இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம், அதன் ஜனங்களிலும் பெரும்பாலோர் போரில் கிளம்பியவர்கள்தான். கிழக்கே சில தெரு நடந்தால் ஷ்வே போன் தா, நம் பெரியவர்கள் வாயில் இன்னும் மொகல் தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், வரிசையாக இருந்த இடம். முதலாளியின் ஏஜெண்ட் தரையில் சாய்வுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுத, பெட்டியடிப் பையன் பக்கத்தில் நிற்பான், ராத்திரி அதே தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். 1930களின் முடிவில் கீழ்ப் பர்மா நெல்வயலில் ஏறக்குறைய கால் பங்கு இவர்கள் கைக்கு வந்திருந்தது, விலை விழுந்து விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போனதால். அந்தக் கோபத்தையும் மறைக்காமல் சொல்லித்தான் இந்தத் தெருவைக் காட்ட வேண்டும். காரைக்குடி வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து போனவை என்பது உங்களுக்கே தெரியும்.

குண்டு கொண்டுபோகாததை 1960களின் தேசியமயமாக்கல் கொண்டுபோனது. கடையும் வேலையும் போய், கப்பலேறியவர்கள் லட்சக்கணக்கில்.

அதனால் என் யோசனை இதுதான். காலையில் வெயில் ஏறுமுன் காளி கோயிலில் கிளம்புங்கள், மொகல் தெரு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்கி, பன்சோடான், செக்ரடேரியட், கடைசியில் போட்டடவுங். வழியில் தேநீர்க் கடைகளுக்குக் குறைவில்லை. மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் டாக்ஸியில் வைத்தாவது மொகல் தெருவுக்குக் கூட்டிவாருங்கள், எந்தக் கடை எங்கே இருந்தது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.