விட்டதால் வென்றவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கையடக்கக் கணினியின் முன்னோடி ஜெஃப் ஹாக்கின்ஸை வெல்ல வைத்தது, கருவியில் அவர் சேர்த்ததா, விட்டதா? இதுதான் இன்றைய தலைப்பு. விட்டதே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அம்மா, பேனாவால் எழுதும் கிரிட்பேட் கணினியை அவர் 1989-லேயே கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொன்னார். பெருமைதான். ஆனால் 1993-ல் வந்த சூமரை ஏன் அம்மா தாண்டிப் போனீர்கள்? ஹாக்கின்ஸின் பாம் நிறுவனம், காசியோ, டாண்டி என்று பலர் கூடி, ஆளுக்கொரு வசதியை ஏற்றிய கருவி அது. ஆமை வேகம். விலைபோகவில்லை. வாங்கியவர்களையே விசாரித்தபோதுதான் அவருக்கு உறைத்தது: நமக்குப் போட்டி இன்னொரு கணினி இல்லை, சட்டைப்பையில் கிடக்கிற காகித டைரி!

அடுத்து என்ன செய்தார்? சட்டைப்பை அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்தார். திரையைக் காகிதத்தில் அச்சிட்டு அதில் ஒட்டினார். சாப்பிடும் குச்சியைச் சீவிப் பேனாவாக்கினார். யாராவது, "மதியம் வருகிறீர்களா?" என்று கேட்டால் கட்டையை எடுத்து, நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்ப்பார். எத்தனை தட்டில் வேலை முடிகிறது என்று எண்ணினார். பையில் கனக்கிறதா என்று சுமந்து பார்த்தார். நடுவர் அவர்களே, வெறும் மரக்கட்டையில் எதைச் சேர்க்க முடியும்?

திரையில் பேனாவால் எழுத அவர் வகுத்த கிராஃபிட்டி எழுத்துமுறையை எதிரணி தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அது எங்கள் கணக்கு! எல்லார் கையெழுத்தையும் கணினி படித்தே ஆகவேண்டும் என்று மற்றவர்கள் மல்லுக்கட்டியபோது, அந்தப் பிடிவாதத்தையே விட்டவர் இவர். ஆங்கில 'ஏ'யின் நடுக்கோட்டை எடுத்துவிட்டார். கூரை மாதிரி ஒரே இழுப்பு, அவ்வளவுதான். மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள்.

1996-ல் பாமின் கையடக்கக் கணினி பைலட் வந்தது. 299 டாலர். 128 கிலோபைட் நினைவகம், இரண்டு சின்ன பேட்டரி. நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பு: முக்கியமாக நான்கே வேலை. மேசைக் கணினியில் உள்ள தகவலோடு ஒத்திசைக்க ஒரே பொத்தான்.

பிறகு பாமையும் விட்டு வெளியேறி, 1998-ல் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தைத் தொடங்கினார். "அந்த நிறுவனத்தின் விசர் கருவியில் கூடுதல் சாதனம் செருக இடம் வைத்தாரே, அது சேர்த்ததில்லையா?" என்று கேட்டீர்கள். ஆமாம், வைத்தார். 2002-ல் டிரியோ என்ற கைபேசி வந்தபோது அந்தச் செருகுமிடம் எங்கே போனது, தேடிப் பாருங்கள். அதையும் எடுத்துவிட்டார் ஐயா!

தீர்ப்பை எங்கள் அணிக்கே வழங்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.