அன்றாடங்காய்ச்சியின் ஜெபம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.’ இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தின் நடுவில் வருகிற வரி. மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கிறிஸ்தவ வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பேச்சு திருந்துவதற்கு முன்பே இது மனப்பாடமாகிவிடும். மனப்பாடமானதாலேயே காதில் விழாமலும் போய்விடும். எனக்கு வெகுகாலம் அப்படித்தான் போயிற்று.

என் அப்பா கொத்தனார். திருநெல்வேலிச் சீமைக்காரர். விடியற்காலையில் தூக்குவாளியில் பழைய சோறும் இரண்டு சின்ன வெங்காயமும், பையில் கரண்டியும் தூக்குக்குண்டுமாக முச்சந்திக்குப் போய்விடுவார். அங்கே நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள். கொத்தனார்கள் தேநீர்க்கடைப் பக்கம், சித்தாள்கள் வேப்பமரத்தடியில். மேஸ்திரி சைக்கிளை விட்டு இறங்காமலே, “இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள்” என்பார். ஐந்து பேர் அவர் பின்னால் போவார்கள். மற்றவர்கள் அடுத்த சைக்கிளுக்காகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டரை மணிக்கு மேலும் நிற்கிறவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஐப்பசி அடைமழையில் முச்சந்தியே காலியாகக் கிடக்கும்.

இப்படிப் பிழைக்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அன்றாடங்காய்ச்சி. அன்றன்றைய உழைப்பில் அன்றன்று கஞ்சி காய்ச்சுகிறவர். ஏளனமாகவும் சொல்வார்கள். ஆனால் இந்த ஜெபத்தின் வாசலைத் திறக்க இதைவிடப் பொருத்தமான சாவி எனக்குக் கிடைக்கவில்லை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இதே வரி, ‘அன்றன்றும் எங்களுக்குத் தாரும்’ என்று வருகிறது. கலிலேயாவின் மீனவர்களும் கூலியாட்களும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் சொல்லப்பட்ட ஜெபம் இது. அவர்களுக்கு யாரும் இதை விளக்கியிருக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளமும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள எனக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

நாம் ‘வேண்டிய’ என்று சொல்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் ‘எபியூசியோஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. விசித்திரமான சொல். இந்த ஜெபத்துக்கு வெளியே அதைக் காண்பது மிக மிக அரிது. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேத அறிஞர் ஓரிகன் கிரேக்கத்திலேயே எழுதியவர். அவரே, ‘இதைப் படித்தவர்களும் எழுதவில்லை, பாமரரும் பேசவில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கியது போலிருக்கிறது’ என்று கைவிரித்துவிட்டார். வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், லூக்காவில் அதை ‘அன்றாட’ என்று எழுதினார்; மத்தேயுவில் அதே சொல்லைச் சாதாரண உணவுக்கு மேலான ஏதோ ஒன்றைச் சுட்டும்படி பெயர்த்தார். இன்னொரு பழைய சுவிசேஷத்தில் அந்த இடத்தில் ‘நாளைக்குரிய’ என்று பொருள்படும் எபிரெயச் சொல்லைக் கண்டதாகவும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், ஆடட்டும். எனக்கு அந்த ‘நாளைக்குரிய’ பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஜெபம் இரவில்தான் நடக்கும். அரிக்கேன் விளக்கின் முன்னால் அப்பா கண்ணை மூடுகிற அந்த நேரத்தில், விடிந்தால் மேஸ்திரி தன்னைப் பார்ப்பாரா, தாண்டிப் போவாரா என்பது அவருக்குத் தெரியாது. வேலையில் கெட்டிக்காரர். அவர் பூசிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். ஆனால் கையிலிருக்கும் கெட்டிக்காரத்தனம் மழையை நிறுத்துமா? சிமெண்டு லாரியைக் கொண்டுவந்து சேர்க்குமா? ஜெபித்தார் என்பதற்காக அவர் வீட்டில் படுத்திருக்கவும் இல்லை. ஜெபித்துவிட்டு நாலரை மணிக்கு எழுந்து முச்சந்திக்குப் போனார். கிருபையைச் சார்ந்திருப்பது என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நாலரை மணி இருட்டில் கேட்கும் தூக்குவாளிச் சத்தம்தான்.

கூலி சனிக்கிழமைதான் கிடைக்கும். ஒருமுறை ஓர் ஒப்பந்ததாரர், பெயர் வேண்டாம், மூன்று சனிக்கிழமை ‘அடுத்த வாரம்’ என்றார். வீட்டில் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டிய வாரங்கள் அவை. உபாகமத்தின் 24ஆம் அதிகாரம், கூலிக்காரனுக்கு வேலை செய்த நாளிலேயே, பொழுது போவதற்கு முன்பே கூலியைக் கொடுத்துவிடு என்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாக இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. ஆகாரத்துக்காக ஜெபிக்கச் சொன்ன அதே வேதம், அந்த ஆகாரத்தைத் தடுத்து வைத்திருக்கிறவனையும் விட்டுவைக்கவில்லை. இதைச் சொல்லாமல் ஜெபத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இனி மன்னா, வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவு. யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம். எகிப்தை விட்டு வந்த ஜனங்கள் வனாந்தரத்தில் பசியால் முறுமுறுக்கிறார்கள். விடியற்காலையில் பனி விலகியதும் தரையில் சிறிய உருண்டையாக ஏதோ கிடக்கிறது. கொத்தமல்லி விதையளவு, வெண்மை நிறம். ருசி ‘தேனிட்ட பணியாரத்திற்கு ஒப்பாயிருந்தது’ என்கிறது தமிழ் வேதாகமம். அந்த மொழிபெயர்ப்பாளர் வாழ்க! பணியாரம் என்றவுடன் சீனாய் வனாந்தரம் நம் அடுப்பங்கரைக்கு வந்துவிடுகிறது. தலைக்கு ஒரு ஓமர் அளவு சேர்க்க வேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். மறுநாளைக்கென்று மீத்து வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் சேர்த்த இரட்டைப் பங்கு மட்டும் கெடவில்லை. அந்த ஜனங்கள் 40 வருஷம் இப்படியே காலைதோறும் கூடை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதைச் சேமிப்புக்கு எதிரான பாடமாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மா முந்தானையில் முடிந்து வைத்த காசு இல்லாவிட்டால் நான் பள்ளிக்கூடமே போயிருக்க முடியாது. அந்த அதிகாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு வரி: மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமாகவும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவாகவும் இல்லை. இயேசுவின் செய்தியைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோன பவுல், எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் திரட்டியபோது இந்த வரியைத்தான் எடுத்துக்காட்டினார்.

இப்போது எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒட்டப்படும் கூட்டச் சுவரொட்டிகளைப் பார்க்கிறேன். இரட்டிப்பு ஆசீர்வாதம், நூறு மடங்கு ஆசீர்வாதம். கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர் செய்த ஜெபம் ஒன்று இருக்கிறது. எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை. தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக என்கிறார். வயிறு நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், வறுமை வந்தால் திருடிவிடுவேன், ஆகையால் ‘என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.’ தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்த மனிதரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

படி அளக்கிறவர் என்று கடவுளைச் சொல்வது நம் மண்ணில் எல்லாச் சமயத்தாரின் வாயிலும் புழங்குகிற பேச்சு. எங்கள் வீட்டில் படியளந்தது அம்மா. இரும்பு உழக்கு ஒன்று வைத்திருந்தார், விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியது. உலை கொதிக்கும்போது உழக்கால் அரிசியை அளந்து முறத்தில் போடுவார். கல் பொறுக்குவார். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கலயத்தில் போடுவார். பிடியரிசி. ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைப்பெட்டியில் கொட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். அந்தப் பணம் ஆதரவற்றவர்களுக்குப் போகும். மிசோரம் மாநிலத்துச் சபைகளிலும் இதே வழக்கம் நூறாண்டுகளைத் தாண்டி இன்னும் நடக்கிறது.

அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் கலயத்தில் பிடி விழுந்தது. பிடியை அம்மா கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டார், அவ்வளவுதான். “நமக்கே இல்லையே” என்று நான் கேட்டதற்கு, “ஜெபத்தில் என்ன சொல்கிறாய்? எனக்கு என்றா, எங்களுக்கு என்றா?” என்று கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலில், அன்றாட ஆகாரம் என்றால் என்ன என்று கேட்டு நீண்ட பட்டியல் போடுகிறார். சோறு, துணி, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, நல்ல ஆளுகை, நல்ல பருவம், சமாதானம், நம்பத்தக்க அக்கம்பக்கத்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அந்த நூலைத் தமிழாக்கினார். பட்டியலுக்கு முன்னால் லூதர் சொல்வது இன்னும் முக்கியம். நாம் கேட்காவிட்டாலும் பொல்லாதவர்களுக்குக்கூடத் தேவன் ஆகாரம் கொடுக்கத்தான் செய்கிறார். அது அவர் கையிலிருந்து வருகிறது என்று உணர்ந்து நன்றியோடு வாங்கிக்கொள்வதற்காகவே நாம் ஜெபிக்கிறோம் என்கிறார்.

பொல்லாதவனுக்கும் சோறு என்பதை அப்பா ஏற்றுக்கொண்டார். ஆனால் மத்தேயு 20ஆம் அதிகாரத்தை மட்டும் அவரால் ஒப்ப முடியவில்லை. திராட்சத்தோட்டத்து வீட்டெஜமான் அதிகாலையில் கூலியாட்களை ஒரு பணம் கூலி பேசி அமர்த்துகிறான். அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று சந்தைவெளிக்குப் போய் ஆட்களைக் கூட்டி வருகிறான். பதினோராம் மணிக்கும், அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கும், போகிறான். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு பணம். பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே என்று முந்தினவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

அப்பா அந்த முறுமுறுத்தவர்களின் கட்சி. “ஒரு மணி நேரம் செய்தவனுக்கு முழுக் கூலி என்றால், மறுநாள் காலையில் எவன் வருவான்?” என்று உபதேசியாரையே மடக்கியிருக்கிறார். “இது கிருபையைப் பற்றிய உவமை அய்யா, கூலியைப் பற்றி அல்ல” என்றார் உபதேசியார். “அப்படியானால் கூலியை வைத்து ஏன் சொன்னார்?” என்றார் அப்பா. உபதேசியார் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வருஷங்கள் போயின. அறுபதைத் தாண்டியதும் அப்பாவுக்குக் கை நடுக்கம் கண்டது. நான் வேலைக்கு வந்துவிட்டேன், போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. தூக்குவாளியோடு போய் நிற்பார். புது மேஸ்திரிகள் மோட்டார் சைக்கிளில் வந்து, அவரைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எட்டரை மணிக்கு வீடு திரும்புவதற்கு வெட்கப்பட்டுக் கோயில் திண்ணையில் பத்து மணி வரை உட்கார்ந்திருப்பாராம். பின்னால்தான் தெரிந்தது.

அவருக்கு எழுத்து வாசனை குறைவு. இரவில் வேதம் வாசிப்பது என் வேலை. ஒருநாள் வரிசைப்படி அந்த 20ஆம் அதிகாரம் வந்தது. வழக்கமான சண்டைக்கு நான் தயாராகத்தான் வாசித்தேன். ‘நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன’ என்று எஜமான் கேட்கிறான். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். விளக்கொளியில் அந்தக் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“அதை இன்னொரு தரம் வாசி மக்கா” என்றார்.

வாசித்தேன். அன்றைக்கு அவர் சண்டை போடவில்லை. ஜெபம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நாலரை மணிக்குத் தூக்குவாளிச் சத்தம் கேட்டது.