குடை வாங்கச் சொன்ன குரல்

(கல்ட் படம் ஒன்றின் திரையிடலுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

படம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதுவரை யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இயக்குநர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்றைக்கு உங்களைப் பற்றி, அதாவது இருட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒரு சிறு கூட்டம் விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டாடும் படத்தைத்தான் கல்ட் படம் என்கிறோம். அதில் பாதிக் கதை நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில்தான் நடக்கிறது.

1976ஆம் ஆண்டு. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வேவர்லி என்று ஒரு தியேட்டர். நள்ளிரவுக் காட்சியாக ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தைய ஆண்டு வெளியாகிப் பெரும்பாலான இடங்களில் ஈ ஓட்டிய படம் அது. அந்த ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து இங்கே நள்ளிரவில் போடுகிறார்கள். திரையில் கொட்டும் மழை. கதாநாயகி தலைக்கு மேலே ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இருட்டிலிருந்து ஒரு குரல்: “ஏம்மா, ஒரு குடை வாங்கித் தொலைச்சா என்ன?” அசலில் இதைவிடக் காரமான வார்த்தை; மேடை என்பதால் தணித்துச் சொல்கிறேன். கத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று அந்தப் படத்தின் ரசிகர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வாயை மூடு என்று நாளெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாரோ என்னவோ.

அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் கண்டுபிடித்தார்கள். நல்லது நின்றது, மொக்கையானது உதிர்ந்தது. கொஞ்ச நாளில் மழைக் காட்சி வந்தால் தியேட்டர் முழுக்கச் செய்தித்தாள் தலைக்கு மேலே ஏறியது. பின்வரிசைக்காரர்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள். கல்யாணக் காட்சியில் அரிசி பறந்தது. ஒரு விருந்துக் காட்சியில் மதுக்கோப்பையைத் தூக்கி ‘டோஸ்ட்’ என்பார்கள். உடனே அரங்கத்திலிருந்து வறுத்த ரொட்டித் துண்டுகள் பறக்கும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், அவ்வளவுதான் நகைச்சுவை. பாத்திரங்களைப் போலவே உடுத்திக்கொண்டு திரைக்குக் கீழே நின்று படத்தை அப்படியே நடித்துக் காட்டும் குழுக்களும் வந்தன. இதில் ஒன்றைக்கூட இயக்குநர் ஜிம் ஷார்மன் கேட்டு வாங்கவில்லை. ஜெர்மனியில் மியூனிக் நகரின் மியூசியம் லிச்ட்ஸ்பீலே தியேட்டரில் 1977லிருந்து இந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது போய்ப் பார்ப்பவர்களில் பலர் அது தொடங்கியபோது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

ஏன் இந்தப் படம்? அதே காலத்தில் இதைவிட ஒழுங்காக எடுத்த படங்கள் எத்தனையோ வந்தன. அவற்றைப் பார்த்து யாரும் ரொட்டி எறியவில்லையே?

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தப் படத்தில் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறப்பதற்குள் ஒரு தொய்வு விழும். சாதாரணமாகப் பார்த்தால் அது குறை. ஆனால் அந்த இரண்டு விநாடியில்தான் குடை வாங்கச் சொல்ல முடிகிறது. இறுக்கிக் கட்டிய படம் நம்மை உட்கார வைத்து மரியாதையாகப் பார்க்கச் சொல்லும். ஓட்டை உள்ள படம் அந்த ஓட்டை வழியாக நம்மை உள்ளே விட்டுவிடும். உள்ளே போனவன் வெளியே வர மாட்டேன் என்கிறான். அவனைத்தான் கல்ட் ரசிகன் என்கிறோம்.

‘கல்ட்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அந்த வேர்ச்சொல்லுக்கு நிலத்தை உழுது பராமரிப்பது என்றும் பொருள், தெய்வத்தை வழிபடுவது என்றும் பொருள். நம்மிடம் ‘பேணுதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், கிட்டத்தட்ட அந்த இடம். பயிரையும் பேணலாம், பெரியவர்களையும் பேணலாம். கல்ட் என்றதும் வழிபாடு மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. உழவு வேலை மறந்துபோகிறது.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ ‘காசாபிளாங்கா’வை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 1942இல் வந்த படம், உலகம் கொண்டாடும் படம். அவரோ கலை அளவுகோல்களின்படி அது ஒன்றும் ஒழுங்கான படமில்லை என்றுதான் ஆரம்பிக்கிறார். கல்ட் ஆக வேண்டுமென்றால் படத்தைத் துண்டு துண்டாகக் கழற்ற முடிய வேண்டும் என்கிறார். ஒரு வசனத்தை மட்டும், ஒரு பார்வையை மட்டும் கழற்றி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடிய வேண்டும். ‘காசாபிளாங்கா’வுக்குப் படப்பிடிப்பு நடக்க நடக்கத்தான் திரைக்கதை எழுதினார்கள், கடைசியில் நாயகி யாரோடு போவாள் என்பது அந்த வேடத்தில் நடித்த இங்ரிட் பெர்க்மனுக்கே தெரியாது என்பார்கள். அவர் முகத்தில் தெரிகிற அந்தத் தவிப்பு நடிப்பா, நிஜமான குழப்பமா? எதுவானால் என்ன, அந்த முகத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

ஓட்டை மட்டும் இருந்தால் போதாது. ரசிகன் படத்தைத் தற்செயலாகத் தடுக்கி விழுவதற்கு ஓர் இடமும் வேண்டும். பென் பாரன்ஹோல்ட்ஸ் என்பவர் நியூயார்க்கில் எல்ஜின் தியேட்டரை நடத்தியவர். அலெஹாந்த்ரோ ஹொதரோவ்ஸ்கி இயக்கிய ‘எல் டோப்போ’ படத்தை 1970 டிசம்பரில் அங்கே நள்ளிரவில் போட்டார். பெரிய விளம்பரம் கிடையாது. வாய்வழியாகவே பரவி மாதக்கணக்கில் ஓடியது. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் அதில் மயங்கி, தன் மேலாளர் ஆலன் கிளைனை அதன் உரிமையை வாங்க வைத்தார். பிறகு கிளைனுக்கும் இயக்குநருக்கும் ஒத்துவராமல் போய், பல ஆண்டுகள் படத்தை முறையாகப் பார்க்கவே வழியில்லாமல் ஆயிற்று. அதனால் படத்தின் மவுசு குறைந்தது என்று நினைக்கிறீர்களா? கூடியது.

இன்னொரு பக்கம், யாரும் பூட்டாமல் விட்டதால் வாழ்ந்த படங்கள் உண்டு. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’டுக்கு முதலில் வேறு பெயர். வெளியிடும் நேரத்தில் விநியோகஸ்தர் பெயர் அட்டையை மாற்றியபோது அதிலிருந்த காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி போனால் உரிமையே போயிற்று. எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துப் போட்டார்கள். பிணங்கள் எழுந்து நடக்கும் அந்தப் படம் போகாத மூலை இல்லை. 1946இல் வந்து வசூலில் சறுக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ கதையும் அப்படித்தான். 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்தார்கள். சும்மா கிடைக்கிறதே என்று தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் போட்டுத் தள்ளின. அமெரிக்கக் குடும்பங்களுக்கு இன்று அந்தப் படம் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை.

இந்த இடத்தில் வேடிக்கையான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹெரால்ட் அண்ட் மாட்’ 1971இல் தோற்ற படம். மினசோட்டாவில் இடைனா என்ற ஊரில் ஒரே ஒரு தியேட்டரில் அது இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியது. கடைசியில் அக்கம்பக்கத்தார் பதாகை பிடித்து, ஐயா படத்தை மாற்றுங்கள் என்று போராட்டம் நடத்தினார்கள். ரசிகர்களின் பக்தி ஊரார் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன்.

டாமி வைஸோ என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்த ‘தி ரூம்’ 2003இல் லாஸ் ஏஞ்சலஸில் வெளியானது. ஃபிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எல்லாக் காட்சியையும் எடுத்தார். ஏனென்று கேட்டால் இன்றைக்கும் தெளிவான பதில் கிடையாது. நாயகியின் தாய் ஒரு காட்சியில் தனக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்கிறாள், ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல. அதோடு சரி, படம் முடியும்வரை அந்த நோயைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கும் ஒரு புகைப்படம் தெரியும். உற்றுப் பார்த்தால் உள்ளே இருப்பது கரண்டி. அது தெரிகிற போதெல்லாம் பிளாஸ்டிக் கரண்டிகளை அள்ளி எறிவது ரசிகர்களின் வழக்கம். இரண்டு வாரத்தில் தூக்கிவிட்ட அந்தப் படத்தை, காலியான அரங்கில் பார்த்த சில இளைஞர்கள் வெளியே வந்து நண்பர்களுக்கு ஃபோன் போட்டார்கள். அப்படித்தான் அது பிழைத்தது.

நானும் சிரித்திருக்கிறேன். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் தன் கைக்காசைக் கொட்டி, நெஞ்சைப் பிழிந்து ஒரு சோகக் கதை சொல்ல வந்தவர். நாம் சிரித்ததைப் பார்த்த பிறகு, இது கருப்பு நகைச்சுவைதான் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இயக்குநர் எட் உட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவருடைய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தின் நட்சத்திரம் பேலா லுகோஸி 1956இல் இறந்துவிட்டார். கையில் இருந்தது சில நிமிடத் துண்டு. மீதிக் காட்சிகளுக்கு எட் உட், தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவரைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். அவரோ லுகோஸியைவிட உயரம். ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறி மாறி வரும். 1980இல் ஒரு புத்தகம் இதை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்தது. அந்தப் பட்டமே அதை வாழவைத்தது. எட் உட் 1978 டிசம்பரிலேயே வறுமையில் இறந்துபோயிருந்தார். அவரைப் பற்றி டிம் பர்ட்டன் எடுத்த படத்தில் லுகோஸியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எட் உட்டுக்குக் கைதட்டல் போய்ச் சேரவே இல்லை.

மோசமாக எடுத்தால் கல்ட் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். ‘ஸ்னேக்ஸ் ஆன் எ பிளேன்’ பெயரை வைத்தே இணையத்தில் கேலியும் கொண்டாட்டமும் கிளம்பியதைப் பார்த்த நிறுவனம், கூடுதலாகச் சில நாள் படப்பிடிப்பு நடத்தி, ரசிகர்கள் கேட்ட காரத்தைச் சேர்த்து 2006இல் வெளியிட்டது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஜோக்கை ரசிகர்கள் ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டார்கள். தியேட்டரில் செய்வதற்கு என்ன மிச்சம்? வேண்டுமென்றே போட்ட ஓட்டையில் யாரும் நுழைவதில்லை.

ரசிகன் என்றால் கேலி செய்பவன் மட்டும்தானா என்று கேட்பீர்கள். ‘பிளேடு ரன்னர்’ 1982இல் தயங்கித் தயங்கி ஓடிய படம். பார்வையாளர்களுக்குப் புரியாது என்று பயந்து நாயகன் குரலில் விளக்கம் ஒட்டி, முடிவையும் இனிப்பாக மாற்றி வெளியிட்டிருந்தார்கள். 1990இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபேர்ஃபாக்ஸ் தியேட்டருக்கு வந்த பிரதி, யாரும் எதிர்பாராமல், வெளியீட்டுக்கு முந்தைய பழைய வடிவம். அந்த விளக்கக் குரல் அதில் அநேகமாக இல்லை. பார்த்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். மேலும் சில இடங்களில் போட்டபோது கூட்டம் நெரிந்தது. 1992இல் இயக்குநர் வடிவம், 2007இல் இறுதி வடிவம் என்று வந்தன. ரசிகர்கள் ஒரு படத்தை அதன் முதலாளிகளிடமிருந்து மீட்டார்கள் என்றே இதைச் சொல்வேன்.

தமிழில் ‘அன்பே சிவம்’ பற்றிக் கேட்பீர்கள், தெரியும். 2003இல் கைவிட்டுவிட்டு, பிறகு தொலைக்காட்சியில் பார்த்துக் கண்கலங்கினோம். எனக்கு அது பிடித்த படம். ஆனால் “அப்போதே கொண்டாடியிருக்கணும்” என்று வருத்தப்படுவது ஒன்று, வருத்தப்படாமல் இருபதாவது தடவை பார்ப்பது வேறொன்று. முதலாவதைக் கல்ட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் இடைவேளையில் வாருங்கள்.

இந்த ரசிகர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. ‘ராக்கி ஹாரர்’ முதல்முறை பார்க்க வருபவரின் நெற்றியில் உதட்டுச் சாயத்தால் ‘வி’ என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் கன்னி கழியாதவர் என்பதற்கு முதல் எழுத்து. விளையாட்டுதான். ஆனால் எல்லாக் கல்ட் கூட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத அந்த உதட்டுச் சாயம் கையில் இருக்கும். “நீ எப்போ பார்த்தே? நாங்க அப்பவே பார்த்துட்டோம்.” ஒதுக்கப்பட்ட படத்தை நேசிக்கும் ஒதுங்கியவர்கள், தங்களுக்குப் பின்னால் வருபவரை ஒதுக்குவது எப்படி என்று எங்கே கற்றுக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

நானும் அதில் சேர்த்திதான். பல வருடம் முன்பு, என் உயிருக்குயிரான படம் ஒன்றுக்கு ஒரு நண்பனைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். அன்றைக்கு நான் படமே பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வருகிறது, இதோ அந்த இடம் என்று எனக்குள் துடிப்பு. அந்த இடம் வந்தது. அவன் கொட்டாவி விட்டான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவனுக்கு இன்றுவரை புரியவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள், வேறு ஏதோ பேச்சின் நடுவில், அந்தக் கொட்டாவி விட்ட காட்சியின் வசனத்தை அப்படியே சொன்னான். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டேன். “தெரியலடா, ஒட்டிக்கிச்சு” என்றான்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்லி அதோ கை காட்டுகிறார்கள். இன்றைய படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். அடேயப்பா, பாதிப் பேர். பக்கத்தில் புதிதாக வந்தவர் இருந்தால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சமாக இருக்கும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று முழங்கையால் இடிக்கவும் வேண்டாம். வசனத்தை முன்கூட்டியே சொல்லியே தீருவேன் என்பவர்களுக்குக் கடைசி இரண்டு வரிசை காலியாக இருக்கிறது. நான் அங்கேதான் உட்காரப் போகிறேன்.