சபாநாயகர் கையொப்பமிடும் முன்னர்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட ஒருவர் வீடு கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தோடு ஊரின் உள்ளூராட்சிச் சபை அலுவலகத்துக்குப் போகிறார். சபையின் கட்டளைச் சட்டம் ஒன்று சொல்லும். நகர அபிவிருத்திப் பிரதேசம் என்றால் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்து நிற்கும். காணி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் கொழும்பில் இயற்றிய சட்டங்கள். ஆனால் "ஏன் ஐயா இவ்வளவு அலைச்சல்?" என்று அந்த மனிதர் கேட்பது இங்குள்ள எழுதுவினைஞரிடம்தான். பதில் சொல்லவேண்டிய சபைக்கு, அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்பு இருந்ததா? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனி அவசரம் உண்டு. சட்டமூலத்துக்குச் சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால், அது அரசியலமைப்புக்கு முரண் என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, அது பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் கிடைக்கிற சில நாட்களுக்குள், உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். நீதிமன்றமும் மூன்று வாரங்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லிவிடும். சட்டமூலம் முதலில் வெளியாகும் வர்த்தமானியை அதற்குள் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்றால், அந்த வழி அடைபட்டுவிடும்.

உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். மாகாண நிரலில், அதாவது மாகாணங்களுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில், உள்ள விடயத்தைத் தொடும் சட்டமூலத்தை, பாராளுமன்றத்துக்குப் போகுமுன் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பவேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. இது ஏட்டுச்சுரைக்காய் அல்ல. 2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம் இந்த இடத்திலேதான் தடைப்பட்டது. 2012இல் திவிநெகும சட்டமூலத்தையும் மாகாண சபைகளுக்கு அனுப்பவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. விழிப்பாக இருந்தவர்கள் உரிய நேரத்தில் மனுப்போட்டதால் கிடைத்தவை அவை.

ஆனால் நம் மாகாண சபையின் நிலை என்ன? 2017ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தபோது சில பக்கங்கள்தான். வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்குவது அதன் நோக்கம். நல்ல நோக்கம். செப்டெம்பர் 20ஆம் திகதி குழுநிலையில், அதாவது பாராளுமன்றம் வாசகம் வாசகமாக ஆராயும் கட்டத்தில், அதற்குள் பெரிய திருத்தங்கள் நுழைந்தன; தேர்தல் முறையே மாறியது. பத்து நாள் கழித்து, 30ஆம் திகதி, கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. புதிய முறைக்குத் தேர்தல் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையும் போயிற்று, புதிய முறையும் வரவில்லை. நம் மாகாணத்தின் தலைநகர் இந்தத் திருகோணமலை. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், மக்கள் தெரிவு செய்த சபைதான் இல்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தை வரிக்கு வரி படித்தவருக்கும் குழுநிலையில் வந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தத் திருத்தங்களை எதிர்த்து நீதிமன்றம் போகவும் வழியில்லை. ஆகவே வாக்கெடுப்பு முடியும்வரை கண் எடுக்காமல் பார்க்கவேண்டும். அந்தக் கட்டத்தில் கைகொடுக்கக்கூடியவர்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் மட்டும். நம் மாவட்டத்துக்கு நான்கு பேர். சபையிலிருந்து அந்த நால்வருக்கும் அன்றைக்கே தொலைபேசி போகவேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் மாநகரில் இப்படி மேலிடச் சட்டமூலங்களைக் கவனிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்களுடைய வாஷிங்டன் மாநிலச் சட்டசபை ஒலிம்பியாவில் ஓராண்டு 105 நாள், மறு ஆண்டு 60 நாள் கூடும். கூட்டம் தொடங்குமுன்பே, இந்த ஆண்டு எதை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது என்று மாநகரம் முடிவெடுத்து எழுதிவைத்துவிடுகிறது. குழு விசாரணைகளில் நகரத்தின் சார்பில் சாட்சியமும் சொல்கிறார்கள். அவ்வளவு பணமும் ஆளும் நம்மிடம் இல்லை. அந்த ஒழுங்குக்குப் பணம் அவ்வளவாகத் தேவையும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். சபையில் ஓர் உத்தியோகத்தரிடம் வர்த்தமானியையும் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தையும் பார்க்கும் பொறுப்பை எழுத்தில் கொடுங்கள். வரி, கழிவு, காணி, கட்டிடம், சந்தை, சபைத் தேர்தல் என்று எதைத் தொட்டாலும், அவர் ஒரு பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதட்டும். மாதாந்த அமர்வில் அதற்கென ஒரு நிரந்தர விடயம் இருக்கட்டும். அடுத்த அமர்வுவரை காத்திருக்க முடியாதபோது சபைத் தலைவர் விசேட அமர்வைக் கூட்டட்டும். தீர்மானத்தை நிறைவேற்றிக் கோப்பில் போட்டு வைப்பதால் பயனில்லை. பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும், உள்ளூராட்சி ஆணையாளருக்கும், ஆளுநருக்கும் அது அதே வாரத்தில் போய்ச் சேரவேண்டும். பக்கத்தில் பட்டணமும் சூழலும் பிரதேச சபை இருக்கிறது. இரண்டு சபைகளும் சேர்ந்து எழுதினால் பாரம் கூடும். உப்புவெளிக் கரைக்கும் நகரத்துக் கரைக்கும் சட்டம் ஒன்றுதானே.

2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களில் உறுப்பினர்களே இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மாகாணத்திலும் இல்லை, ஊரிலும் இல்லை என்றிருந்த காலம் அது. இப்போது ஊரிலாவது நாம் தெரிவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

நேயர்களே, நீங்களும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, "கடந்த ஓராண்டில் எந்தச் சட்டமூலம் பற்றிச் சபை கருத்து அனுப்பியது? அதன் பிரதியைத் தாருங்கள்" என்று சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். அப்படி ஒன்றுமே அனுப்பவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தை உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வணக்கம்.