ஆளுக்கொரு பந்து

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

குமரி மாவட்டக் கடலோர ஊர்களான தூத்தூரிலும் வள்ளவிளையிலும் நின்றுகொண்டு கால்பந்தின் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்திய சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர். அந்தப் பெருமையே நம்மை ஒரு தவற்றுக்கும் இழுத்துவிடுகிறது. நான்கு வயதுப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, நடுவே ஒரே பந்தைப் போட்டு, ‘கோல் அடி’ என்று கூவுகிறோம். பலாச்சுளையில் ஈ மொய்ப்பதுபோல் எல்லோரும் பந்தைச் சூழ, வேகமுள்ள இருவர் மட்டுமே அதைத் தொடுவர். மற்றவர்கள் சலித்துப்போய் மணலில் வீடு கட்டத் தொடங்குவர். அவர்களை நான் குறைகூற மாட்டேன்.

முன்பள்ளி உடற்கல்வியில் கால்பந்து ஒரு போட்டியன்று, உடலைப் பழக்கும் கருவி. அசையாதிருக்கும் பந்தை உதைப்பதற்கே குழந்தை ஒரு நொடியாவது ஒற்றைக் காலில் உடலைத் தாங்கியாக வேண்டும். உருளும் பந்தை உள்ளங்காலால் நிறுத்துவதற்குக் கண்ணும் காலும் ஒன்றுபட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பதால் இவை வாரா என்பதால் ஆளுக்கொரு பந்து தேவை. பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ளது. பிஞ்சுக் கால்களுக்கு அது பாரம். அதைவிடச் சிறிய மூன்றாம் எண் பந்தில் காற்றைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் உதைத்தபின் வெகுதூரம் ஓடாது. வாங்க இயலாத இடத்தில் தென்னோலைப் பந்து முடைந்து கொடுங்கள். அது நேராக உருளாது. எனவே பிள்ளை ஒவ்வோர் உதைக்கும் திசை மாறி ஓடும்.

விளையாட்டு இதுதான்: நீங்கள் ‘வள்ளம் (படகு) போகிறது’ என்றால் பிள்ளைகள் பந்தை மெல்லத் தட்டிச் செல்ல வேண்டும்; ‘அலை’ என்றால் மிதித்து நிறுத்த வேண்டும்; ‘கரை’ என்றால் பந்தைக் கையில் வாரி எடுத்துக் கயிற்றுக்கோட்டுக்கு ஓட வேண்டும். கைபட்டால் தவறு என்னும் விதி இந்த வயதுக்கு உரியதன்று. தலையால் முட்டுவதோ கூடவே கூடாது. பத்து வயதுக்குட்பட்டோருக்கு அதை அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே விலக்கியது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அது நாள் முழுவதும் பரவி நிற்கலாம்; பந்துக்குக் கால் மணி நேரம், மணல் சுடுவதற்கு முன், தென்னை நிழலில் போதும்.

முற்றத்தில் பந்துகளை வைத்திருக்கிறோம். பணியாளர்கள் வந்து, முதலில் நீங்களே ஒற்றைக் காலில் நின்று பந்தை மிதித்துப் பார்க்க வேண்டுகிறேன்.