கூலிப் பட்டியலில் யார் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். தகவல் அறியும் உரிமை பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொன்னால் நீங்கள் பாட்டு போடும் நிலையத்துக்குத் திருப்பிவிடுவீர்கள். அதனால் ஒரு பதிவேட்டை எடுத்துக்கொள்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரிந்ததுதான், மஸ்டர் ரோல். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி என்று எழுதிவைக்கும் பட்டியல்.

ராஜஸ்தானில் சமூக ஆர்வலர் அருணா ராயும் நண்பர்களும் 1990ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்சத்துக்குப் பேர் போன பகுதி. அரசு நிவாரண வேலை கொடுக்கும், ஆனால் கூலி முழுசாகக் கைக்கு வராது. கேட்டால் “நீ அளவுக்கு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது” என்பார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால் அரசாங்க ரகசியம்! ஊர்க் குளத்துக்கு மண் சுமந்தவளின் கூலிக் கணக்கில் அப்படி என்ன ரகசியம் இருக்க முடியும்?

எப்படியோ சில நகல்களை வாங்கி, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி உரக்கப் படித்தார்கள். தொடர்ந்து மற்ற ஊர்களிலும் நடந்தது. கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் மைக்கில் பெயரைப் படிக்கிறார், இன்னார், இத்தனை நாள், இவ்வளவு கூலி. கூட்டத்திலிருந்து குரல் வருகிறது: நான் அந்த வேலைக்கே போகவில்லையே! இன்னொரு பெயரைப் படித்தால், அவர் செத்து வருஷக் கணக்காகிறது என்கிறார்கள். கட்டாத கட்டடத்துக்கு சிமெண்ட் வாங்கிய ரசீதும் இருக்கிறது. படிப்பறிவில்லாதவர்களே தணிக்கை செய்தார்கள். ஏன் முடிந்தது? பட்டியலில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். “மொத்தம் இத்தனை பேர், இத்தனை ரூபாய்” என்று மட்டும் படித்திருந்தால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் இருந்தால்தான் ஊர் சரிபார்க்க முடியும்.

அந்தப் போராட்டம்தான் நாட்டுக்கே 2005ல் சட்டமாக வந்தது. நம் தமிழ்நாடு 1997லேயே தனிச் சட்டம் போட்டது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதில் தருவதைவிட மறுப்பதற்கான வழிகள்தான் அதிகம். 2005 சட்டத்தில் எனக்குப் பிடித்தது நான்காவது பிரிவு. நாம் கேட்கும் முன்பே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும், முடிந்தால் கணினியில் ஏற்றி வைக்க வேண்டும் என்கிறது. நூறு நாள் வேலை மஸ்டர் ரோல்கள் இணையத்துக்கு வந்தது அந்த வழியில்தான். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கினால் நம் தெரு ஆட்களின் பெயர் வரும். ராஜஸ்தான் 2019ல் ஜன் சூச்னா என்று ஒரு தளமே திறந்தது. ரேஷன், ஓய்வூதியம் எல்லாம் வார்டு வாரியாகப் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் தனியுரிமை? நியாயமான கேள்வி. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் இன்னொன்றும் தெரியவந்தது. 200க்கு மேற்பட்ட அரசு இணையதளங்கள் பயனாளிகளின் ஆதார் விவரங்களை ஊர் பார்க்க வைத்திருந்தன. அது வெளியே வந்ததும் ஒரு தகவல் உரிமை மனுவால்தான்! ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கட்டாயம் மறைக்க வேண்டும். பெயர், வேலை நாள், கூலி இவை பொதுப் பணத்தின் கணக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

2005 சட்டம் முதலில் அப்படிக் கட்டவில்லை. பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரமா, பொது நலன் இருக்கிறதா என்று அதிகாரி எடைபோட வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வளவையும் அதிலிருந்து எடுத்துவிட்டு, சொந்தத் தகவலா, தர வேண்டியதில்லை என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டது. பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்ற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அதைச் சுட்டிக்காட்டி வாதாடுங்கள். ஆனாலும் கூலிப் பட்டியலைக் கேட்டால், “அதில் பெயர்கள் இருக்கிறதே அம்மா” என்று பதில் எழுதுவது இனி ரொம்பச் சுலபம். செத்தவர் பெயரில் கூலி எடுத்தவனுக்குத்தான் இந்தத் தனியுரிமை உதவும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. பேச்சுரிமை பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன். ஒரே வரியில் சொல்கிறேன். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது; அந்தப் பிரிவைச் சொல்லி யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். அப்புறம், மனு போடுகிறவர்களுக்கு ஒன்று. “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், “இந்தப் பதிவேட்டின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. வணக்கம்.