சிறுத்தைப் படம் காட்டும் நண்பரிடம் என்ன சொல்வது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. ஒரு நேயர் கேட்கிறார்: "நண்பர் தான் எடுத்த சிறுத்தைப் படத்தைக் காட்டி, எப்படி இருக்கிறது என்றார். தெளிவாக இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. 'சூப்பர்' என்று சொல்லியிருக்க வேண்டுமா?" படத்தையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

வேண்டாம். நீங்கள் சொன்னது உண்மைதான், பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது: படத்தின் மேல் விரலை வைத்துச் சொல்லுங்கள்.

தெளிவாக இல்லை என்றால், எங்கே? படத்தைப் பெரிதாக்கி மீசை முடியைப் பாருங்கள். எல்லா முடியும் ஒரே பக்கமாக இழுபட்டுத் தெரிந்தால் ஷட்டர் வேகம், அதாவது கேமராவின் திரை திறந்து மூடும் வேகம், போதவில்லை. ஓடுகிற விலங்கு என்றால் அடுத்த முறை 1/2000 விநாடி வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கண் மங்கலாக இருந்து, முன்னால் இருக்கும் புல் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் போகஸ் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டது. உடம்பின் ஓரமெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிந்தால் அது தரையிலிருந்து எழும் அனல். எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும் உதவாது, வெயில் ஏறுவதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். பார்க்க மூன்றும் 'தெளிவில்லாத' படம்தான். மருந்து வேறு வேறு.

ஆரம்ப நாட்களில் என் சிங்கப் படத்தைப் பார்த்த மூத்தவர் ஒருவர், "கை ஆடுகிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் நம்பி, மாதக்கணக்கில் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அப்புறம் ஒருநாள் அதே படத்தைப் பெரிதாக்கினால், சிங்கத்தின் மூக்குக்கு முன்னால் ஒரே ஒரு புல், அதன் நரம்பு வரை தெரிகிறது! அன்றைக்கே அவர் அங்கே விரலை வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

சரி, குறைக்குப் போவதற்கு முன்னால், அந்த விலங்கு என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் நம்மைப் பார்த்தால்தான் படம் என்று பலர் நினைக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2020இல் முதல் பரிசு வாங்கியது செர்கெய் கோர்ஷ்கோவின் படம். ரஷ்யாவின் தூரக் கிழக்கில், ஓர் அமூர் பெண்புலி மரத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தைத் தேய்க்கிறது. நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் வாசனையை மரத்தில் பூசிக்கொண்டிருக்கிறது. மறைத்து வைத்த தானியங்கிக் கேமராவில், 11 மாதங்களுக்கு மேல் காத்திருந்து கிடைத்த படம் அது.

இதைச் சொல்லும்போது, யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி ஒன்று நினைவுக்கு வருகிறது. படத்தில் காது எப்படி இருக்கிறது? இரண்டு காதும் மடிந்து தலையோடு ஒட்டி, பல் தெரிய லென்ஸை முறைக்கும் படத்துக்குக் கீழே 'என்ன கம்பீரம்' என்று எழுதுகிறோம். பெரும்பாலும் அது 'கிட்டே வராதே' என்கிறது. அந்தப் படத்துக்கு வெளிச்சம், க்ராப் (ஓரங்களை வெட்டுவது) பற்றியெல்லாம் பேசுவதை விட, "எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்?" என்று கேட்பது பெரிய உதவி.

நேயர் அனுப்பிய படத்தில் அந்தச் சிறுத்தையின் காதுகள் தளர்வாக இருக்கின்றன. முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் நண்பர் அதைத் தொந்தரவு செய்யாமல் எடுத்திருக்கிறார். முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், இடது கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சியின் மேல் விரலை வையுங்கள்.